நிதானச் சான்று

“பயப்படாதீர்கள்,” என்றது மிஷின். “உங்கள் கணக்கு பாதுகாப்பாக இருக்கிறது.”

குருவம்மாளின் மணிக்கட்டில் கட்டியிருந்த ரப்பர் பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரில் பதித்திருந்த ஊசி மிஷின் அது. கண்ணாடிக்குப் பின்னால், குளிரில், இன்சுலின் குப்பிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று அவள் மகள் பிரதீபாவுடையது. பெயர்கூட ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு வரவில்லை.

மறுபடி ரகசிய எண்ணை அழுத்தினாள். எண் சரி என்று மிஷின் ஒப்புக்கொண்டது. பிறகு பட்டையைக் கேட்டது. பட்டை சிவந்தது.

“பயப்படாதீர்கள்.”

“ஏத்தா, பல்லக் காட்டிச் சிரி. சிரிச்சாத் தெறக்குமாம்,” என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்.

“நீரு வந்து சிரியும். ஒம்ம பொக்கவாயப் பாத்து மிஷினு பூட்ட ஒடச்சுக்கிட்டு ஓடிரும்,” என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய். வரிசை சிரித்தது. குருவம்மாளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு இழுபட்டதே தவிர சிரிப்பு வரவில்லை. பட்டை அதற்கும் சிவந்தது.

உள்ளே போய் நர்ஸைப் பார்த்தாள்.

“சாவி இருந்த காலத்துல நானே எடுத்துக் குடுத்திருப்பேன்மா. ஊசி திருட்டுப் போகுதுன்னுதான் மிஷின வச்சாங்க. இப்ப என் கையில ஒண்ணுமில்ல.”

“நாளைக்குக் காலையில போடுற ஊசியோட தீந்துச்சு மேடம். கடையில கேட்டா அங்கயும் இந்தப் பட்டையத்தான் காட்டுங்கிறான்.”

“புள்ள மயங்கி விழுந்தா தூக்கிட்டு வாங்க. உயிராபத்துன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். அங்க கணக்குக் கேக்க மாட்டாங்க.”

“விழுந்தாத்தானா?”

நர்ஸ் அடுத்த ஆளின் சீட்டை வாங்கினாள்.

விழுந்தால் எப்படி இருக்கும் என்று குருவம்மாளுக்குத் தெரியும். சர்க்கரை இருப்பதே தெரியாத காலத்தில் ஒருமுறை பிரதீபா விழுந்தாள். நாய் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். வாயில் அழுகின பழ வாடை அடித்தது. அந்த வாடை இப்போதும் சில சமயம் சும்மா இருக்கும்போது மூக்கில் ஏறும். இப்போது ஏறியது.

*

இ-சேவை மையத்தில் ரெபேக்கா இருந்தாள். ஊரில் பட்டை கட்டிவிடுவது, பட்டையைப் பற்றித் திட்டு வாங்குவது, இரண்டும் அவள் வேலைதான்.

“யாரு தாயி இந்தப் பட்டைய வேணும்னு கேட்டா?” என்றாள் குருவம்மாள்.

“யாரும் கேக்கலக்கா. கட்டாயம். முன்னாடி ரெண்டாவது பூட்டுன்னா போனுக்கு ஒரு நம்பர் வரும், ஞாபகம் இருக்கா? திருடனுங்க அத மிரட்டி வாங்க ஆரம்பிச்சாங்க. கழுத்துல கத்திய வச்சா யாரு நம்பர் சொல்ல மாட்டா? அதான் ரெண்டாவது பூட்ட ஒடம்புக்குள்ளயே கொண்டுபோய் வச்சுட்டாங்க. நாடி, மூச்சு, வேர்வ எல்லாத்தையும் பட்டை பாக்கும். நீங்க பயந்திருந்தா யாரோ மிரட்டுறாங்கன்னு எடுத்துக்கும். பூட்டிக்கும்.”

“என்னை யாரும் மிரட்டலியே. புள்ளைக்கு ஊசி இல்லன்னு பயமா இருக்கு. அது ஒரு குத்தமா?”

“குத்தமில்லக்கா. எந்தப் பயம்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது.” ரெபேக்கா குரலைத் தாழ்த்தினாள். “எங்கப்பா செத்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து பொணத்த வாங்கணும்னா வீட்டாளு ஒருத்தர் கணக்கத் தெறக்கணும்னாங்க. எங்கண்ணன் அழுதுக்கிட்டே அமுக்குறான், அமுக்குறான், செவப்புதான். கடைசில எங்க மாமா வந்தாரு. ஒரே அமுக்கு, பச்சை. அவருக்கும் எங்கப்பாவுக்கும் ஆகவே ஆகாது.”

வெள்ளைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெபேக்காவே சிரித்துவிட்டாள். பிரதீபா மட்டும் அம்மாவின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயசு, ஒல்லிப் பிள்ளை.

“இத்தன மாசமா தெறந்துச்சே,” என்றாள் குருவம்மாள். “சனிக்கெழம வேல விட்டு நேரா வருவேன். அமுக்குவேன். பச்சை வரும். பட்டாசு ஆபீச அதிகாரிங்க சீல் வச்சு ஒரு மாசம்தான் ஆகுது. அப்புறமும் மூணு வாரம் எப்பிடியோ தெறந்துச்சு. இப்ப வீட்டுல சும்மாத்தான் இருக்கேன். வேல பாத்தப்ப வராத பயம் சும்மா இருக்கையில எப்பிடி வரும்?”

ரெபேக்காவுக்கும் அது விளங்கவில்லை. முயற்சி செய்து பார்ப்போம் என்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். கண்ணை மூடி மனசுக்குப் பிடித்த எதையாவது நினைக்கச் சொன்னாள்.

“ஒம் புருசன் திருப்பூருக்கு ஓடிப்போனான்ல, அந்த ராத்திரி வீடு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு? அத நெனச்சுக்கோ மதினி,” என்றாள் வெள்ளைத்தாய்.

நினைத்தாள். சிவப்பு.

கடைசியில் ரெபேக்கா மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்தாள். “கொஞ்சம் படுங்க. தூங்கிட்டீங்கன்னா நான் இங்கேருந்தே பாக்குறேன். பட்டை கையில இருந்தாப் போதும், எங்க இருந்தாலும் அதுவே சேதி அனுப்பிரும்.”

தூக்கம் வராது என்றுதான் குருவம்மாள் நினைத்தாள். காலையிலிருந்து சுகாதார நிலையத்துக்கும் கடைக்குமாக நடந்த உடம்பு, படுத்ததும் செத்த மாதிரி விழுந்துவிட்டது. விழித்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெறந்துச்சா?”

“இல்லக்கா.” ரெபேக்காவின் முகம் மாறியிருந்தது. “ஆனா இந்தத் தடவ ‘பயம்’னு வரல. ‘ஆள் பொருந்தவில்லை’ன்னு வந்துச்சு. தூங்குறது நீங்க இல்லங்குது.”

“நான் இல்லாம?”

“மொதல்ல ஒங்களுக்குப் பட்டை எங்க கட்டினாங்க? ஒரு பகல் முழுக்கக் கட்டியிருந்து ஒங்க நிதானம் என்னன்னு பதிவாங்கல்ல, அது எங்க நடந்துச்சு?”

“ஆபீஸ்லதான். போர்மேன் அண்ணாச்சிதான் சொன்னாரு, முகாமுக்குன்னு ஒரு நாள் லீவு விட்டா வேல கெடும், பட்டைய உள்ளயே கொண்டாந்து கட்டச் சொல்லுங்கன்னு. எங்களுக்கும் ஒரு நாள் கூலி போகாதுல்ல. சேதி அனுப்புறத நிறுத்தி வச்சு, பதிய மட்டும் விட்டுக் கட்டுனாங்க.”

“கட்டிக்கிட்டு என்ன வேல பாத்தீங்க?”

“வழக்கம்போல வெடிமருந்து அடைச்சேன்.”

ரெபேக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஊரில் ஆபீஸ் என்று சொல்லும் அந்தப் பட்டாசுத் தொழிற்சாலையில், மருந்து அடைக்கிற அறையில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் குருவம்மாள். அங்கே யாரும் பயப்படுவதாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டுக்கூட முணுமுணுப்பார்கள். ஆனால் கை குழாயைத் தட்டும்போது மூச்சு தானாக நிற்கும். காது அடுத்த அறைப் பக்கம் திரும்பியே இருக்கும். பாதம் வாசலைப் பார்த்தே இருக்கும். இருபது வருஷமும் உடம்பு ஒரு வெடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மிஷின் அந்த உடம்பைப் பார்த்துத்தான் ‘இதுதான் குருவம்மாளின் நிதானம்’ என்று எழுதிக்கொண்டது. சனிக்கிழமைகளில் வேலை விட்டு வந்ததும் திறந்ததற்குக் காரணம், அந்த உடம்பு வழியில் கலையாமல் வந்து சேர்ந்ததுதான். ஒரு மாத ஓய்வு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிட்டது.

“அப்போ மாத்திக் குடு தாயி. இப்ப இருக்கிற நிதானத்தப் பதிஞ்சுக்கோ.”

“மாத்தலாம்க்கா. ஆனா மாத்தணும்னா மொதல்ல பழைய நிதானத்தோட கணக்கத் தெறக்கணும்.”

“அது தெறக்கலன்னுதான ஒங்கிட்ட வந்தேன்?”

“சென்னைக்கு எழுதிப் போட்டா நேர்ல வந்து விசாரிப்பாங்க. வாரக் கணக்காகும்.” சட்டென்று ரெபேக்காவுக்கு ஒன்று தோன்றியது. “இருங்க. பதிமூணு முடிஞ்சாப் புள்ளைங்க சொந்தக் கணக்கு வச்சுக்கலாம். பிரதீபா, கைய நீட்டு. இனிமே ஒன் ஊசிய நீயே எடுத்துக்கலாம், அம்மா தயவு வேண்டாம்.” புதுப் பட்டையைப் பிரித்துச் சிறுமியின் ஒல்லி மணிக்கட்டில் கட்டினாள். “நாளைக்குப் பகல் முழுக்கக் கழட்டாத. எப்பவும்போல இரு. சாயங்காலம் நான் கழட்டுறேன். பத்து நாள்ல கணக்கு வந்துரும்.”

“பத்து நாளைக்கு?” என்றாள் குருவம்மாள்.

ரெபேக்கா மின்விசிறிக்குக் கீழே கிடந்த பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

*

வெளியே வந்ததும் வெள்ளைத்தாய் அவளை வேப்பமரத்துப் பக்கம் ஒதுக்கினாள். பிரதீபா முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

“எனக்கும் ஆபீஸ்ல கட்டுன பட்டைதான மதினி, ரேஷன் தெறக்காமத்தான் இருந்துச்சு. போன வாரம் தெறந்துருச்சு. ஏன்னு இப்பத்தான் வெளங்குது.”

“ஏன்?”

“கண்மாய்க்குப் பின்னாடி கருவேலங்காட்டுல நம்ம போர்மேன் சௌந்திரபாண்டி அண்ணாச்சி மருந்து அடைக்கக் கொட்டகை போட்டிருக்காரு. சீல் வச்சா என்ன, தீவாளிக்குச் சரக்குப் போயாகணும்ல. நாலஞ்சு பேரு போறோம். அங்கேருந்து நேராத்தான் ரேஷன் கடைக்குப் போனேன்.”

குருவம்மாள் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து சுகாதார நிலையம் ஒரு மணி நேர நடை. மகளை நினைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்தால் உடம்பு வழியிலேயே மாறிவிடும். போனைக் கொட்டகைக்குள் விட மாட்டார்கள், அது மகளிடம் இருக்கட்டும், ரகசிய எண் அவளுக்குத் தெரியும், அவள் மிஷின் முன்னால் நிற்கட்டும். பட்டை கொட்டகைக்குள்ளிருந்தே சேதி அனுப்ப வேண்டும். வேறு வழி இல்லை.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் வைத்து அதைச் சொன்னபோது சௌந்திரபாண்டி ஒரு அடி பின்னால் போனார்.

“கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? போனையே கேட்டுக்கு வெளிய வாங்கி வச்ச ஆளு நான். சிக்னல் விடுற சாமானக் கையில கட்டிக்கிட்டு மருந்துல கைய வைப்பியா? எங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போகவா?”

“அண்ணாச்சி, புள்ளைக்குக் காலையில கடைசி ஊசியப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

“அதுக்கு?”

“தனியா ஒக்காந்துக்கிறேன். அந்தக் கடைசிக் குடிசையக் குடுங்க. போனா நான் மட்டும் போறேன்.”

அவர் கருவேல மரங்களைப் பார்த்தார். முடிக்க வேண்டிய குழாய்கள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. ஆள் போதவில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவள் கை வேகம் அவருக்கும் தெரியும்.

“வாரா வாரம் வந்தாத்தான ஊசி?” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“அப்போ கூலி பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது.”

குருவம்மாள் தலையை ஆட்டினாள். திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டினால் உடம்பு கலையும்.

*

குடிசையில் அவளும் மருந்தும் மட்டும். வளையலைக் கழற்றியிருந்தாள், கால்விரல் மிஞ்சியைக் கழற்றியிருந்தாள், நூல் சேலையை ஊக்கு குத்தாமல் கட்டியிருந்தாள். இரும்பும் இல்லை, உரசுவதும் இல்லை. கையில் அந்தப் பட்டை மட்டும் சின்ன உயிர்போல் சூடாக இருந்தது. சேதி அனுப்பும்போதெல்லாம் லேசாக அதிர்ந்தது. அதிரும்போதெல்லாம் அவள் விரல் சாம்பல் நிறப் பொடிக்கு மேலே நின்றது.

பிரதீபாவிடம் கடலை பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். “நீ மிஷின்கிட்டயே நின்னு நம்பர அமுக்கிக்கிட்டே இரு. மிஷின்ல செவப்பு வந்தா மறுபடி அமுக்கு. போனைக் கீழ வைக்காத.” பிள்ளை தலையாட்டியது. ஒன்றும் கேட்கவில்லை.

முதல் குழாய். தட்டினாள். சிவப்பு.

மிஷின் முன்னால் நிற்கிற மகள் நினைவுக்கு வந்தாள். சாயங்கால ஊசி தவறினால் நாக்கு வறளும், அடிக்கடி தண்ணீர் கேட்பாள். சிவப்பு. நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். அதற்கும் சிவப்பு.

வெயில் ஏறியது. பொடி சூடாகத் தொடங்கும் நேரம். இந்த வேளைக்குமேல் ஆபீஸில் மருந்தைத் தொட விட மாட்டார்கள். இங்கே சொல்ல ஆள் இல்லை. குழாயை நிறுத்து, அள்ளு, கொட்டு, தட்டு. கொஞ்ச நேரத்தில் கை தன் பாட்டுக்கு வேலையை எடுத்துக்கொண்டது. மகளின் முகம் மங்கியது. அவளைக் காப்பாற்ற அவளையே மறக்க வேண்டியிருந்தது. பட்டை ஒருமுறை சிவக்கவும் இல்லை, பச்சையாகவும் இல்லை, துடித்துவிட்டு அணைந்தது.

அப்போது வெடித்தது.

சத்தம் முதலில் மண்ணுக்குள்ளிருந்து பாதத்தில் ஏறி, பிறகுதான் காதுக்கு வந்தது. கூரை ஓலை உதிர்ந்தது. பக்கத்துக் கொட்டகையில் யாரோ கத்தினார்கள், வாளி உருண்டது, ஓடுகிற காலடிகள் கேட்டன.

குருவம்மாள் ஓடவில்லை. ஓடுகிற வேகத்தில் சேலை உரசினால் போதும். இரண்டு கையையும் பொடியிலிருந்து மேலே தூக்கி, விரல்களை விரித்து, மூச்சை நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். அடுத்தது நம்முடையதா என்று உடம்பு கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. எந்த நினைப்பும் இல்லை. மகள் இல்லை, ஊசி இல்லை, பெயர்கூட இல்லை. காத்திருத்தல் மட்டும் இருந்தது.

மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

பட்டை மெல்லிய குரலில் பேசியது. “உங்கள் நிதானம் உறுதி செய்யப்பட்டது. நன்றி.”

*

வெடித்தது கண்மாய்க்கு அந்தப் பக்கம் வேறு யாரோ மறைவாகக் காயப்போட்டிருந்த சரக்கு. வெயிலில் தானாகப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் ஆள் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு, போலீஸ் வருமோ என்று பதுங்கி, காட்டைச் சுற்றிக்கொண்டு அவள் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

பிரதீபா சுகாதார நிலையத்து வாசலிலேயே நின்றாள். கையில் இன்சுலின் குப்பி இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. முகம் கண்மாய்ப் பக்கமே திரும்பியிருந்தது. அங்கே இன்னும் லேசாகப் புகை தெரிந்தது.

“ஏட்டி, ஊசி போட்டியா? ஏன் போடல?”

பிள்ளை திரும்பி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

“நீ ஊக்கு குத்தாமப் போன,” என்றாள். “கடலை பறிக்க யாரும் மிஞ்சியக் கழட்டிட்டுப் போக மாட்டாங்க.”

குருவம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“சத்தம் கேட்டுச்சும்மா. பெட்டியும் தெறந்துச்சு. எது மொதல்லன்னு எனக்குத் தெரியல. பச்சை விழுந்தப்புறம் நீ... போன் பண்ணலாம்னா போனு எங்கிட்டயே இருக்கு.” குரல் நடுங்கவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். “அங்கேருந்து வர்ற ஒவ்வொருத்தரையும் பாத்துக்கிட்டே நின்னேன்.”

நர்ஸ் வெளியே வந்து ஊசியைப் போட்டுவிட்டாள். பிள்ளை வலிக்கு முகம் சுளிக்கவில்லை. அவள் காது இன்னும் அந்தப் பக்கமே இருந்தது. பாதம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குருவம்மாளுக்கு அந்த நிற்பு தெரியும். இருபது வருஷம் அவள் நின்ற நிற்பு அது.

அப்போதுதான் மகளின் மணிக்கட்டு கண்ணில் பட்டது.

“கழட்டுடி அத.”

“சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொன்னாங்க.”

“கழட்டுங்கிறேன்ல!”

அவள் இழுக்க, பிள்ளை கையைப் பின்வாங்க, இரண்டு பேருக்கும் நடுவில் ரெபேக்காவின் வண்டி வந்து நின்றது. மையத்தைப் பூட்டிவிட்டு வருகிறாள். குப்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “கெடச்சிருச்சா! நான் நேத்து ராத்திரி முச்சூடும் தூங்கல தெரியுமா?” என்றபடி பிரதீபாவின் பட்டையைக் கழற்றித் தன் போனில் ஒட்டிப் பார்த்தாள்.

“நல்ல பதிவுக்கா. பாதிப் பேருக்கு ஏத்த எறக்கமா வரும், திரும்பக் கட்டச் சொல்வாங்க. இவளுக்குப் பகல் முழுக்க ஒரே சீரா இருக்கு. மேல போயிருச்சு. ஏத்துக்கிட்டாங்க.”

குருவம்மாள் மகளின் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாடி கட்டைவிரலுக்குக் கீழே திம் திம்மென்று அடித்தது.

“மாத்தலாம்ல?” என்றாள்.

“என்னத்தக்கா?”

“இந்தப் பதிவ. வேற ஒரு நாள், வீட்டுல வச்சு...”

“மாத்தலாமே. ஒண்ணும் கஷ்டமில்ல,” என்றாள் ரெபேக்கா, வண்டியைத் திருப்பிக்கொண்டே. “ஆனா மொதல்ல இதே நிதானத்தோட ஒரு தடவ தெறக்கணும்.”